அக்காவின் பந்தலும் நான் தூவிய கந்தகமும்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி எட்டு வருடம் போய்விட்டது. மூன்று தடவை தொடங்கி விட்டுவிட்டேன். முதல் தடவை மகளின் கணக்குக் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதி, அன்றே கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாம் தடவை எழுதியதில் மழையைப் பற்றித்தான் அதிகம் இருந்தது, என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை எழுதியதை வாசித்துப் பார்த்தால், யாரோ ஒரு நல்ல மனிதனுக்கு வந்த சோதனை போல இருந்தது. அதையும் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழித்தால் இனி எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் பிழையிருந்தாலும் அப்படியே விடுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் இடம்பெயர்ந்தோம், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திரும்பி வந்த நாளிலிருந்து தோட்டம்தான். யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழையில் இருந்து அளவெட்டிக்குப் போகிற பக்கத்தில், செம்பாட்டு மண்ணில், பத்துப் பரப்புக்கும் குறைந்த காணி. அதில் ஒரு மூலையில் முந்திரிகைப் பந்தல். வெளியூர் ஆட்கள் திராட்சை என்பார்கள், நாங்கள் முந்திரிகை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, தேவாரம் படிக்காமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஊர்க் கோயிலில் பூசை நேரத்தில் தேவாரம் படிப்பதும் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இதனால்தான் என் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பந்தலுக்குப் பக்கத்தில், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், இன்னொரு பந்தல் இருந்தது. அது ஓர் அக்காவுடையது. சொந்தம் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூப்பு, அதனால் அக்கா. அவரின் கணவர் கொழும்புக்குப் பஸ் ஓட்டுகிறவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். பந்தல் முழுக்க அக்காவின் கைதான். ஏழு கொடிகள். எனக்குப் பதினொன்று. இரண்டு பேருக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு முறை.

முந்திரிகை எப்போது காய்க்கும் என்பதைக் கொடி முடிவுசெய்வதில்லை, வெட்டுகிறவன் முடிவுசெய்கிறான். கொடியை மொட்டையாக வெட்டிவிட்டால் அன்றிலிருந்து மூன்றரை மாதத்தில் பழம். ஆகவே வெட்டுகிற அன்றே, மூன்றரை மாதத்துக்குப் பிறகு வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பழுக்கிற நேரத்தில் மழை விழுந்தால் பழம் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும். பூக்கிற நேரத்தில் பனி கூடினால் பூ கொட்டும். காற்றில்லாமல் மூட்டமாகக் கிடந்தால் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், மா தூவியதுபோல. நல்ல வெயிலும் தெற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றும் சேர்ந்தால் பழம் கறுத்து, தேன் போல இனிக்கும். ஒரு வருடத்துப் பழம் மற்ற வருடத்துப் பழம் போல இருந்ததை நான் கண்டதில்லை.

அந்த வருடம் வாடைக்காற்று மார்கழி கடைசிவரை நிற்கவில்லை. தூறலும் விடவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் மார்கழி தொடக்கத்திலேயே வெட்டிவிட்டார்கள். நானும் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கண்டுவிட்டார்.

“எங்கை தம்பி, ஆயுதத்தோடை?”

“வெட்டப் போறன் அக்கா. எல்லாரும் வெட்டியாச்சு.”

“எல்லாரும் கிணத்துக்கை குதிச்சா நீயும் குதி. மண்ணைத் தொட்டுப் பார். இன்னும் களி. வாடை நிக்கேல்லை. இந்த ஈரத்துக்கை வெட்டினா வெட்டின இடம் அழுகும்.”

“சந்தையிலை பிந்திப் போவம் எல்லே?”

“எங்கடை பழம் சந்தைக்கோ போகுது? பொறு. பொங்கல் முடியட்டும். வெயில் தோலிலை சுடுகிற அண்டைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டுவம்.”

நான் பொறுத்தேன். தை பிறந்து பத்தாம் நாளளவில் வெயில் சுட்டது. அன்று இரண்டு பந்தலையும் சேர்ந்து வெட்டினோம். அக்கா வெட்டியபடியே என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார். “தேவாரம் படிக்கிற வாய்க்குக் கத்தரிக்கோல் சரிவராது, கொப்பைக் கடிச்சு வைச்சிருக்கிறாய்.” அந்த வருடம் எனக்குப் பழம் கிடைத்ததே அவரின் அந்தச் சொல்லால்தான். இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பழம் சந்தைக்குப் போவதில்லை என்று அக்கா சொன்னதற்குக் காரணம் இருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய துறவிகள் மடம் உண்டு. அங்கே நாங்கள் பிறதர் என்று கூப்பிடுகிற ஒரு துறவி, வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், பூசைக்கு வேண்டிய வைன் செய்வார். மன்னார்ப் பக்கத்து மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். அமைதியான ஆள். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேரின் பழத்தை அவர் வருடா வருடம் எடுப்பார். நாங்கள் சைவம், வைனைத் தொட்டதும் இல்லை. ஆனாலும் எங்கள் பழம் ஒரு பூசைக்குப் போகிறது என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். அவர்களும் பூசை என்றுதான் சொல்வார்கள், நாங்களும் பூசை என்றுதான் சொல்வோம்.

பிறதர் எங்களுக்கு இரண்டு விசயம் மட்டும் சொல்லியிருந்தார்.

“அண்ணை, பழம் பறிக்கிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே தண்ணியை நிப்பாட்டுங்கோ. மற்றது, காய் நிறம் பிடிக்கத் தொடங்கினாப் பிறகு கந்தகம் போடக்கூடாது. பிஞ்சிலை போடுங்கோ, பரவாயில்லை. பிறகு போட்டா அது பழத்தோடை பீப்பாவுக்கை வரும். வைன் பொங்கேக்கை கெட்டுப்போகும். பூசைக்கு வைக்கிற ரசத்திலை பழத்தைத் தவிர வேறை ஒண்டும் இருக்கக்கூடாது.”

வெள்ளைப் பூஞ்சணத்துக்குக் கந்தகத் தூள்தான் மருந்து. பிஞ்சுக் காலத்தில் எல்லோரும் போடுவோம். நிறம் பிடித்த பிறகு ஆண்டவனிடம் விட்டுவிட வேண்டும். அக்காவுக்கு அதற்கும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வரும்போது இலைத்துண்டில் திருநீறு மடித்துக்கொண்டு வருவார். ஏழு கொடியின் அடித்தண்டிலும் மூன்று விரலால் பூசுவார். மிச்சத்தை இலைகளின் மேல் ஊதிவிடுவார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

“அக்கா, கொடிக்குச் சந்தனப் பொட்டும் வைச்சு விடுங்கோவன்.”

“வைப்பன். உனக்கென்ன? உன்னைவிட ஒழுங்கா இருக்குதுகள்.”

அந்தப் பங்குனியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் மழை வந்தது. மூன்று நாள். பங்குனியில் எங்கள் பக்கம் நிலம் வெடித்துக் கிடக்கும், அதுதான் வழக்கம். மார்கழியில் வெட்டியவர்களின் பழம் அப்போது பறிக்கிற பதத்தில் நின்றது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் குலை குலையாக வெடித்து, குளவி மொய்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் பந்தலுக்குக் கீழே குந்தியிருந்து தலையில் கைவைத்திருந்ததைக் கண்டேன். பந்தல் முழுவதும் புளித்த மணம்.

எங்கள் இருவரின் காயும் அப்போது பச்சை, கல்லுப் போல. மழை ஒன்றும் செய்யவில்லை. பிறதர் வந்து எல்லாப் பந்தலையும் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் வேலியடியில் நின்று சொன்னார்:

“இந்த முறை உங்கடை ரெண்டு பந்தலும்தான் அண்ணை. வருசம் முழுக்க எங்களுக்கு இதுதான். வடிவாப் பாருங்கோ.”

அன்று எனக்குள் ஒரு கர்வம் வந்தது. என் பழத்தில் ஒரு வருடத்துப் பூசை நடக்கப் போகிறது. ஊரில் எல்லோருக்கும் பிழைத்துப் போன வருடத்தில் எனக்கு மட்டும் சரிவந்திருக்கிறது. அக்கா பொறுக்கச் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டேன். சந்தையில் யாரோ கேட்டபோது, “நான் வானத்தைப் பார்த்துத்தான் வெட்டினனான்” என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாய்தான் இது.

புதுவருசம் கழிந்தது. காய் நிறம் பிடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் சோளகம் வந்து அடிக்க வேண்டும். வரவில்லை. இலை அசையவில்லை. வானம் மூடிக்கொண்டு, பகல் முழுவதும் வேர்த்து வழிந்தது. ஒரு காலை பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தேன். நடுவிலிருந்த நாலைந்து குலைகளின் காம்பில் வெள்ளை படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன். விரலில் ஒட்டியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே சொன்னாள்:

“பிறதரிட்டைச் சொல்லுங்கோவன், இஞ்சாருங்கோ. என்ன செய்யிறதெண்டு அவர் சொல்லுவார் எல்லே.”

“சொன்னா வேண்டாம் எண்டு போடுவார்.”

“போட்டால் போடட்டும். சந்தைக்குக் குடுப்பம்.”

“உனக்கு உது விளங்காது.”

அவளுக்கு எல்லாம் விளங்கியது. எனக்குத்தான் விளங்கவில்லை. வெள்ளை பிடித்த குலைகளை மட்டும் வெட்டி எறிந்திருந்தால் போதும். அக்காவின் பந்தலிலும் இரண்டு குலையில் வந்தது. அவர் வெட்டி எருக்குழியில் போட்டுவிட்டு, அடுத்த வெள்ளி வழக்கம்போலத் திருநீறு பூசினார். நான் ஒரு குலையையும் இழக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் விடிய முதல் எழும்பினேன். கோயிலுக்குக் கட்டிப் பழசாகிப் போன வேட்டி ஒன்றைக் கிழித்து, அதில் கந்தகத் தூளைக் கொட்டிப் பொட்டளியாகக் கட்டினேன். பூவரசந் தடி ஒன்றின் நுனியில் அதைத் தொங்கவிட்டு, பந்தலுக்குள் நடந்து நடந்து தட்டினேன். இலையில் பனி இருக்கிறபோது தட்டினால்தான் தூள் ஒட்டும். காற்றில்லாதபடியால் தூள் மஞ்சள் புகையாக நின்று மெல்ல மெல்ல இறங்கியது. பதினொரு கொடிக்கும் தட்டினேன். வெள்ளை பிடித்த ஒரு கொடிக்குத் தட்டியதோடு விடாமல் எல்லாவற்றுக்கும். தொடங்கினால் கை நிற்பதில்லை.

கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வாளியோடு வந்தார்.

“தம்பி, என்ன மணக்குது?”

“அங்கால வெங்காயத்துக்கு ஏதோ அடிக்கிறாங்கள் போல.”

“விடியக் காலமையோ?”

“காத்தில்லாத நேரமெண்டு அடிக்கிறாங்களாக்கும்.”

அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாளியை இறக்கினார். அவ்வளவுதான். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முன்பே ஆயத்தம் செய்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்த் தேவாரம் படித்தேன். குருக்கள் ஐயா திருநீற்றுத் தட்டோடு வந்தார். நான் வலது கையை நீட்டினேன். ரேகைகளுக்குள் மஞ்சள் நிறம் போகாமல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த மஞ்சளுக்கு மேல்தான் திருநீறு விழுந்தது. அதை நெற்றியில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் மழையை வேண்டினேன். ஒரு மழை வந்தால் தூள் கழுவிப் போய்விடும். கேட்காத நேரத்தில் மூன்று நாள் பெய்த வானம் இப்போது ஒரு துளி தரவில்லை. மூட்டம் விலகி வெயில் எறிந்தது. கந்தகமும் வெயிலும் சேர்ந்து இலையின் விளிம்பெல்லாம் கருகத் தொடங்கியது. கருகிய இலைகளைத் தேடித் தேடி வெட்டினேன்.

“இப்ப என்ன வெட்டு?” என்று அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்.

“குலையிலை வெயில் படட்டும் எண்டு.”

“ஓ, இப்ப நீ எனக்குப் படிப்பிக்கிறாய்” என்று சிரித்தார்.

தூவிப் பதினைந்து நாளளவில் பழம் பறித்தோம். இரண்டு பந்தல் பழமும் ஒரே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில்தான் போனது. மடத்தில் எல்லாப் பழத்தையும் ஒன்றாகக் கொட்டி, நசித்து, தோலோடு பீப்பாவில் விட்டார்கள். மூன்றாம் நாள் போனால் பிறதர் பீப்பாவில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். உள்ளே சோறு கொதிப்பதுபோலச் சத்தம் கேட்கும். அக்காவுக்கு அது விருப்பம். “வயித்துக்கை பிள்ளை உருளுறமாதிரி” என்பார். அந்த வருடம் நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அக்கா மட்டும் போனார்.

பத்து நாள் கழித்துப் பிறதர் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மடத்தின் பின்பக்கத்து அறை. கதவைத் திறந்ததும் கூழ்முட்டை மணம் முகத்தில் அடித்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா சீலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

“ஒரு பீப்பாவிலை இருந்து மற்றதுக்கு நாலு தரம் மாத்திப் பாத்திட்டன்” என்றார் பிறதர். அவரின் கண் சிவந்திருந்தது. “மணம் போகேல்லை. இதை நான் பீடத்திலை வைக்கேலாது. யாரையும் பேசுறதுக்குக் கூப்பிடேல்லை. எனக்கு விளங்க வேணும். நிறம் பிடிச்சாப் பிறகு கந்தகம் போட்டீங்களோ?”

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இப்போதும் அந்த முகம் தெரிகிறது. சந்தேகப்படுகிற முகம் இல்லை. வழி கேட்கிறவனின் முகம்.

“இல்லை” என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார்.

“கந்தகமோ? பிஞ்சிலை போட்டதுதான். பிறகு ஒண்டும் போடேல்லை பிறதர்” என்றார் அக்கா. பிறகு சிறிது யோசித்து, யாரும் கேட்காமலே, “கோயில் திருநீறு பூசுறனான். வெள்ளிக்கு வெள்ளி. கொஞ்சம் இலையிலையும் ஊதுவன்” என்றார்.

அங்கே உதவிக்கு நின்ற ஒருவர், எங்கள் ஊர் ஆள், டக்கென்று சொன்னார்: “அதுதான்! சாம்பல் விழுந்தால் ரசம் கெடாமல் என்ன செய்யும்? உவ கொடிக்குப் பூசை செய்யிறவ.”

“அப்பிடியும் இருக்குமோ தெரியேல்லை” என்றார் பிறதர். “நான் உதைப் பற்றிப் படிக்கேல்லை.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு சிட்டிகைதானே தம்பி? நீ கண்டிருக்கிறாய் தானே? சொல்லன்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லாவிட்டாலும், திருநீற்றால் அப்படி நடக்காது என்றாவது சொல்லியிருக்கலாம். என் நெற்றியிலும் அதே திருநீறு இருந்தது, மூன்று குறியாக. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது இதுதான்:

“கொஞ்சம் கூடுதலாத்தான் ஊதுறனீங்கள் அக்கா.”

பிறதர் அக்காவிடம் மெல்லமாகத்தான் சொன்னார், “யோசிக்காதேங்கோ அம்மா, இனி வாற முறை உங்கடையை விட்டிட்டு மற்ற ஆக்களின்ரையை எடுத்துப் பாப்பம்” என்று. அந்த வருடத்து ரசம் முழுவதையும் தென்னை அடியில் ஊற்றினார்கள்.

ஊருக்குள் கதை எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்தது. அக்காவுக்குச் சாம்பல்காரி என்று பெயர் வந்தது. அடுத்த முறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அவர் பழத்தோடு போய் இருந்தபோது, “சாம்பல் போட்டதோ, போடாததோ?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவரின் கணவரிடம் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் அவர் தாங்குவார். வாயால் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நான் கண்டது வேறு. குருக்கள் ஐயா தந்த திருநீற்றை அக்கா நெற்றியில் மட்டும் பூசினார். கையில் மிச்சமிருந்ததை மடிக்க இலை எடுக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு தூணடியில் இருந்த கிண்ணத்தில் அதைக் கொட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளே போய்த் தேவாரம் படித்தேன்.

அடுத்த வருடம் ஆவணியில் அக்கா ஏழு கொடியையும் வேரோடு கிளப்பினார். கம்பியைக் கழற்றி விற்றார். அந்த இடத்தில் வாழை வைத்தார். என்னோடு கோபமாக இல்லை. கிணற்றடியில் கதைப்பார். ஆனால் பகிடி இல்லை. மடம் என் பழத்தைத் தொடர்ந்து எடுத்தது. பிறதர் என் பழத்தைப் பரிசோதிக்காமலே வாங்கினார். அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தண்டனையை அனுபவித்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

போன வருடப் பங்குனியில் திரும்பவும் மழை வந்தது. பிறகு காற்றில்லாத மூட்டம். என் குலைக் காம்பில் வெள்ளை. எல்லாம் அப்படியே திரும்பி வந்து என் முன்னால் நின்றதுபோல இருந்தது. வெள்ளை பிடித்த குலைகளை எல்லாம் வெட்டினேன், பாதிப் பந்தல் போனது. வெட்டிக்கொண்டே அழுதேன். இவ்வளவு சுலபமான வேலையை அன்று செய்யவில்லையே என்று.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மடப்பள்ளிப் பக்கத்தில் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் காரியம் பார்க்கிற பெரியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நான் சொன்னேன். “அந்த வைன் கெட்டது அக்காவாலை இல்லை. நான்தான் கந்தகம் போட்டனான்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூத்தவர் என் தோளில் கைவைத்தார்.

“உமக்கு உந்த மனம் ஆண்டவன் தந்தது, தம்பி. ஒரு பொம்பிளையின்ரை பழியைத் தன்ரை தலையிலை போடுறார், பாருங்கோ.”

“இல்லை ஐயா. உண்மையாவே நான்தான்.”

“ஓமோம், விளங்குது, விளங்குது” என்று கண்ணைத் துடைத்தார்.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர்கள் திரும்பத் திரும்ப மெச்சினார்கள். தேவாரம் படிக்கிற மனுசன் அப்படிச் செய்வாரோ என்பதுதான் அவர்களின் கதை. இரண்டு நாளில் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. கோயில் நிர்வாகத்துக்கு என் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். என் பாவத்தை நானே என் வாயால் சொன்னேன், அது எனக்கு மாலையாக வந்து விழுந்தது. அக்காவின் பழியோ இருந்த இடத்திலேயே இருந்தது, இன்னும் கொஞ்சம் பாரமாக.

மூன்றாம் நாள் அக்கா வேலியடிக்கு வந்தார்.

“என்ன தம்பி, என்ரை பழியை நீ சுமக்கிறியாம். ஊரெல்லாம் சொல்லுது. ஆர் உன்னைச் சுமக்கச் சொன்னது?”

“அக்கா, சுமக்கேல்லை. அது என்ரைதான்.”

“எனக்கும் உந்தக் கதையைச் சொல்லாதை.”

நான் பொட்டளியைப் பற்றிச் சொன்னேன். கிழித்த வேட்டியைப் பற்றி, பூவரசந் தடியைப் பற்றி, பதினொரு கொடியைப் பற்றி. அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நம்பாத முகத்தோடுதான் கேட்டுக்கொண்டு நின்றார். என் கதை கிணற்றடிக்கு வந்ததும் அவரின் முகம் மாறியது.

“அண்டைக்கு வெங்காயம் எண்டு சொன்னாய்” என்றார்.

“ஓம் அக்கா.”

“விடியக் காலமையோ எண்டு நான் கேட்டனான்.”

“ஓம்.”

அவர் வேலியில் இருந்த ஒரு கிளுவங் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

“எட்டு வருசம் நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? ஊர் சொன்னது எனக்குப் பெரிசில்லை. ஒருவேளை உண்மைதானோ, ஆண்டவன்ரை திருநீறு என்ரை கையாலை போனபடியாத்தான் கெட்டுதோ எண்டு நினைச்சனான். என்ரை கையிலை என்ன குற்றம் எண்டு நினைச்சனான். கொடியைக் கிளப்பினது அதுக்குத்தானடா.”

என்னை அவர் டா போட்டுக் கதைத்தது அதுதான் முதல் தடவை. நான் கும்பிட்டேன். கையை இறக்கச் சொன்னார்.

“மன்னிப்பு வேணுமெண்டால் கோயிலுக்குள்ளை போய் அவரிட்டைக் கேள். எனக்கு ஒண்டுதான் வேணும். என்ரை திருநீறு ஒண்டும் செய்யேல்லை எண்டு நாலு பேர் அறிய வேணும். எழுது. வாயாலை சொன்னா உன்ரை ஆக்கள் மாத்திப் போடுவாங்கள். எழுதினால் மாத்தேலாது.”

பிறதர் இப்போது மன்னாரில் இருக்கிறார். மடத்தில் இலக்கம் வாங்கித் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “அண்டைக்கு நான் கேட்டனான்தானே அண்ணை” என்றார். கோபம் இல்லை. அக்காவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். அன்று பின்னேரம் அவர்கள் கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

கோயிலில் தேவாரம் படிப்பதை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கேட்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது பின்வரிசையில் நின்று கேட்கிறேன்.

எழுதி முடித்ததும் வேலியடியில் நின்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் நிற்பாட்டினார். வேலியடியில் நின்றபோது அவரின் கண் கலங்கியது என்று நான் எழுதியிருந்தேன். “நான் அழேல்லை. அதை வெட்டு” என்றார். வெட்டிவிட்டேன். மற்றது, அவரின் பந்தலில் ஆறு கொடி என்று எழுதியிருந்தேன். “ஏழு. ஆறில்லை. கிணத்தடிப் பக்கம் நிண்ட கடைசிக் கொடியை விட்டிட்டாய். அதுதான் கூடுதலாக் காய்ச்சது” என்றார். அதையும் திருத்திவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊர் ஆட்கள் இப்போது எத்தனையோ நாட்டில் இருக்கிறார்கள், சாம்பல்காரி கதை அங்கேயும் போயிருக்கும். அதைக் கேட்டவர்கள் யாரும் இருந்தால் இதையும் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்த மழையின் மேல் பழியைப் போடாதீர்கள், மழை எங்கள் இரண்டு பந்தலையும் ஒன்றும் செய்யவில்லை. நான் பெரிய மனதோடு பழியை ஏற்றேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அக்கா மன்னித்துவிட்டார் என்றும் சொல்லாதீர்கள், அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது ஏழு கொடி. ஏழும் நல்லாய்க் காய்த்தவை. அவற்றில் கந்தகம் படவில்லை, திருநீறு மட்டும்தான் பட்டது.